கடைமடை

“திறந்திருந்தாலும் ஓடாது சார், எங்கள் ஊர் கடைமடை.” வாய்மொழித் தேர்வில் ஒரு மாணவி சொன்ன இந்த ஒரு வரிக்காக இரண்டு மதிப்பெண் குறைத்தேன். ஐந்து வருடமாகிறது.

பல வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லில், குரோமாட்டின், அதாவது புரதத்தில் சுற்றிய டிஎன்ஏ, ஏன் தளர்வாக இருக்கிறது என்றுதான் கேட்டேன். எந்த மரபணுவையும் எளிதில் படிக்க என்று சொல்லியிருந்தால் போதும். ஹிஸ்டோன் என்ற புரத உருளை ஒவ்வொன்றிலும் சுமார் 147 கார இணை நீள டிஎன்ஏ சுற்றியிருப்பதில் தொடங்கி, அவள் இரட்டைக் குறிக்கே வந்துவிட்டாள். எலியின் கரு ஸ்டெம் செல்களில் 2006-இல் கண்டது அது. வளர்ச்சி மரபணுக்களின் வாசலில், ஹிஸ்டோனிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வாலின் 27-ஆம் இடத்தில் மரபணுவை அடக்கும் வேதிக் குறி. அங்கேயே 4-ஆம் இடத்தில் எழுப்பும் குறி.

“பலகை போட்டு அடைத்த மடை சார். பக்கத்திலேயே மண்வெட்டியோடு ஆள் நிற்கிறான். முறை வந்தால் பலகையை எடுப்பான். இந்த வயலுக்குத் தண்ணீரே வேண்டாம் என்று ஆகிவிட்டால் மண்ணை வெட்டிப் போட்டு மூடிவிடுவான்” என்றாள்.

புறத்தேர்வாளர் சிரித்தார். ரசித்தாரா, இளக்காரமா, தெரியவில்லை. நான் முந்திக்கொண்டேன். “திறந்த மரபணு வேலை செய்யும், மூடியது செய்யாது. அவ்வளவுதானே?” அதற்குத்தான், திறந்திருந்தாலும் தண்ணீர் வந்து சேராத கடைமடையைச் சொன்னாள். “பாசனக் கதை வேண்டாம், பாடத்தைச் சொல்” என்றேன்.

வெளியே இன்னும் பத்தொன்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். உவமையிலும் ஓட்டை உண்டு. செல் பிரியும்போது அடக்கும் குறி பெரும்பாலும் மகள் செல்லுக்கும் போய்ச் சேர்கிறது. மடை எங்கே குட்டி போட்டது? அன்று இதையாவது கேட்டு மடக்கியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

அவள் சொன்னதுதான் சரி. குரோமாட்டின் திறந்திருப்பது வழி மட்டுமே. அந்த மரபணுவை இயக்கும் புரதங்கள் வந்து அமர வேண்டும். தலைகீழாகவும் நடக்கும். ஆக்ட்4, சாக்ஸ்2 போன்ற சில புரதங்கள் மூடிக் கிடக்கும் டிஎன்ஏவிலும் போய் ஒட்டும்; வெள்ளத்தில் கரை உடைப்பெடுக்கிற மாதிரி. ஜப்பானிய விஞ்ஞானி யாமனாகா நான்கு மரபணுக்களைக் கொண்டு எலியின் முதிர்ந்த செல்லை ஸ்டெம் செல் போன்ற நிலைக்குத் திருப்பியது இப்படித்தான். அதிலும் திரும்பியவை மிகச் சில செல்கள். அத்தனை கெட்டியாக மூடிக் கிடக்கின்றன.

நான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். கல்லணை திறந்தால் எங்களுக்குத்தான் முதல் தண்ணீர். திறந்த மடை காய்ந்து கிடக்கும் என்பது அதனால்தான் எனக்கு உறைக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். புறத்தேர்வாளருக்கு முன்னால் கௌரவம் பார்த்ததை மறைக்க நல்ல சாக்காகவும் இருக்கிறது.

இப்போது வகுப்பில் பலகையையும் மண்வெட்டியையும் நானே வரைகிறேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. போன மாதம் ஒரு பையன், “இது எந்தப் புத்தகத்தில் சார் இருக்கிறது?” என்று கேட்டான். மணியடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. அடுத்த படத்தை வரையத் திரும்பிக்கொண்டேன்.