பல்ஸ் ஆக்சிமீட்டர் உயிரைக் காப்பாத்துதா? வைவால நான் மாட்டுன கதை

அனஸ்தீசியா (மயக்க மருந்து) பிஜி பைனல் வைவா (வாய்மொழித் தேர்வு) முடிச்சதுல இருந்து ஜூனியர்ஸ் ட்ரயல் (பேஷன்ட்ஸ வச்சுப் பண்ற ஆராய்ச்சி) எல்லாம் எப்படிப் படிக்கிறதுன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல, அதான் ஒரேடியா எழுதிடறேன். ட்ரக்ஸ், மெஷின் பத்தி சொல்ல நிறைய பேர் இருக்காங்க. நான் அடி வாங்குனது மானிட்டரிங்லதான், அதை மட்டும் சொல்றேன்.

டேபிள்ல பல்ஸ் ஆக்சிமீட்டர் வச்சிருந்தாங்க, விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்ளோன்னு பாக்குற கருவி. 660, 940 நானோமீட்டர்னு ரெண்டு வேவ்லெங்த் ஒளி, கார்பன் மோனாக்ஸைடு பாய்சனிங்ல ரீடிங் நல்லாருக்கிற மாதிரி பொய் சொல்லும், மெத்ஹீமோகுளோபின் (ஆக்ஸிஜனை சுமக்க முடியாத ஹீமோகுளோபின்) ரொம்ப ஏறுனா 85 பக்கம் போய் உக்காந்துக்கும், எல்லாம் கடகடன்னு ஒப்பிச்சாச்சு. எக்ஸாமினர் பொறுமையா கேட்டுட்டு, "சரிம்மா, இது உயிரைக் காப்பாத்துதா?"ன்னாரு. "கண்டிப்பா சார்"னேன். "எந்த ட்ரயல்ல?" அவ்ளோதான், வாய் அடைச்சுப் போச்சு.

வெளிய வந்து தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சுது, 1993ல டென்மார்க்ல 20,802 பேரை ரேண்டமைஸ் பண்ணி, அதாவது குலுக்கல் மாதிரி ரெண்டு குரூப்பா பிரிச்சுப் பாத்திருக்காங்க. ஆக்சிமீட்டர் போட்ட குரூப்ல ஹைபாக்ஸீமியாவ (ரத்தத்துல ஆக்ஸிஜன் குறையுறத) 19 மடங்கு அதிகமா கண்டுபிடிச்சிருக்காங்க, ஆனா காம்ப்ளிகேஷன்லயோ இறப்புலயோ பெரிய வித்தியாசம் வரல. அப்போ தூக்கிப் போட்டுடலாமான்னா, இல்ல. அனஸ்தீசியாவால சாவுங்கிறதே ரொம்ப அரிது, அவ்ளோ அரிதான விஷயத்துல வித்தியாசம் காட்டணும்னா இருபதாயிரமே பத்தாது. வித்தியாசம் தெரியலைங்கிறதும் வித்தியாசம் இல்லைங்கிறதும் ஒண்ணு இல்ல. இத மட்டும் அன்னிக்கு சொல்லியிருந்தா போதும்.

இதுக்கு ஒரு ஈஸியான கணக்கு இருக்கு. 100 பேர்ல ஒரு புது டெக்னிக் பண்ணி ஒருத்தருக்கும் எதுவும் ஆகலைன்னா உடனே சேஃப்னு எழுதிடறோம்ல, 3ஐ 100ஆல வகுங்க, உண்மையான ரிஸ்க் 3 பர்சன்ட் வரைக்கும் கூட இருக்கலாம்னு அர்த்தம். நம்ம தீசிஸ் பாதிக்கு மேல "நோ மேஜர் காம்ப்ளிகேஷன்ஸ்"னுதான் முடியும், என்னுதும் சேத்துதான்.

அடுத்தது பிஸ் மானிட்டர் (மூளை அலைய வச்சு மயக்கம் எவ்ளோ ஆழம்னு நம்பரா காட்டுறது), எக்ஸாம்ல ரொம்ப பேர் குழம்புற இடம். 2004ல வந்த பி-அவேர்ங்கிற ட்ரயல்ல ஹை ரிஸ்க் பேஷன்ட்ஸ் 2,463 பேர், பிஸ் குரூப்ல அவேர்னஸ் (ஆபரேஷன் நடுவுல நினைவு இருக்கிறது) 2 பேருக்கு, வழக்கமான கேர்ல 11 பேருக்கு. சூப்பர், பிஸ் ஜெயிச்சாச்சுன்னு நெனச்சா 2008ல பி-அன்அவேர் வந்து ரெண்டு குரூப்லயும் ரெண்டு ரெண்டு பேருங்குது, 2011ல 6,000 பேருக்கு மேல வச்சுப் பண்ண பேக்-ரீகால்ல பிஸ் பக்கம் 7, இந்தப் பக்கம் 2ன்னு உல்டாவே ஆயிடுச்சு. நான் இத மூணையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணி எது எதுன்னு மாத்தி மாத்தி உளறிட்டு இருந்தேன். கண்ட்ரோல் குரூப்புக்கு என்ன பண்ணாங்கன்னு பாத்ததும்தான் முடிச்சு அவிழ்ந்துது. முதல்ல உள்ளதுல வெறும் வழக்கமான கேர், பின்னாடி ரெண்டுலயும் எண்ட் டைடல் கேஸ் (வெளிய விடுற மூச்சுக் கடைசில இருக்கிற மயக்க வாயு அளவு) 0.7 மேக்குக்குக் கீழ போனாலோ 1.3 மேக்கைத் தாண்டுனாலோ அலாரம் அடிக்கும், மேக்ங்கிறது அந்த வாயுவோட டோஸ் அளவுகோல். எதிராளியே மாறிட்டான், அப்புறம் ரிசல்ட் எப்படி ஒண்ணா வரும்? அதே மூச்சுல இன்னொண்ணும் சொல்லிடுங்க, டிவா கேஸ்ல (மயக்க மருந்து முழுக்க நரம்பு வழியா ஊசியில குடுக்கிறது) எண்ட் டைடல் வேப்பரே கிடையாது, அதனால பின்னாடி ரெண்டு ட்ரயலையும் வச்சு டிவாக்கு பிஸ் வேண்டாம்னு சொல்ல முடியாது. மசில் ரிலாக்ஸன்ட் வேற குடுத்திருந்தா பேஷன்ட் கைகால் அசைச்சுக் காட்டவும் மாட்டாரு, அங்க பிஸ்ஸோ ஏதோ ஒரு ஈஈஜியோ (மூளை அலைப் பதிவு) வேணும்.

அதுல இருந்து எந்த ட்ரயல் படிச்சாலும் நோட்ல நாலே விஷயம்தான் எழுதுவேன்: யாரு பேஷன்ட், எதுக்கு எதிரா எது, ப்ரைமரி அவுட்கம் (முக்கியமா அளக்குற விளைவு) என்ன, அந்த அவுட்கம் மொத்தம் எத்தனை பேருக்கு வந்துது. கடைசி நம்பர் ரொம்ப முக்கியம், மொத்தமே 9 பேருக்குத்தான் வந்துதுன்னா ரெண்டு பேரு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறுனாலே கதை மாறிடும். பி வேல்யூவ (வித்தியாசம் தற்செயலா வந்திருக்குமான்னு பாக்குற நம்பர்) கடைசியா பாருங்க.

தீசிஸ் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை. என்னுது ஸ்பைனலுக்கு (முதுகுல ஊசி போட்டு மரத்துப் போக வைக்கிறது) அப்புறம் பிபி இறங்குறது பத்தி. கஃப் (கையில கட்டுற பிபி பட்டை) அளந்தது 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை, நடுவுல இறங்கி ஏறுனது எதுவுமே என் ஷீட்ல இல்ல. அதுபோக பிஸியான நேரத்துல கேஸ் முடிஞ்சு ஞாபகத்துல இருந்து ரெண்டு மூணு ரீடிங் எழுதிட்டேன், அப்படி எழுதுறப்ப கை தானா அழகான நம்பரா போடும், 88 இருந்தது 94 ஆயிடும். மேடம் சார்ட்டைப் பாத்த உடனே, "என்னப்பா, உன் பேஷன்ட்ஸ் எல்லாம் நேர்கோட்டுல போறாங்க?"ன்னாங்க. அந்த பேஷன்ட்ஸ எல்லாம் எடுத்துட்டு திரும்ப ரெக்ரூட் பண்ண வேண்டியதாப் போச்சு, ரெண்டு மாசம் காலி. மானிட்டர்ல இருந்து நேரா டவுன்லோட் பண்ண வழி இருந்தா முதல் கேஸ்லயே கேட்டு வாங்கிடுங்க, ஸ்பைனல் போட்டு முதல் 15 நிமிஷமாவது கஃப்ப ஒரு நிமிஷத்துக்கு வைங்க.

கேப்னோகிராஃபிக்கு (வெளிய விடுற மூச்சுல கார்பன் டை ஆக்ஸைட அளக்குறது) என்ன ட்ரயல்னு கேட்டா மட்டும் திணறாதீங்க. டியூப் உணவுக்குழாய்ல போயிடுச்சான்னு கண்டுபிடிக்க கேப்னோ இல்லாத ஒரு கண்ட்ரோல் குரூப் வைக்க எந்த எதிக்ஸ் கமிட்டியும் சம்மதிக்காது, அதையே பதிலா சொல்லுங்க.