722.3 தேடிப் புதுப்பேட்டையில் அலைந்த கதை

பழைய பென்ஸுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தேடுகிறவர்கள் முன்பணம் கொடுக்கும்முன் இதைப் படித்துவிடுங்கள். என்னுடையது 280 எஸ்இ, டபிள்யூ 126 பாடி, 1983 மாடல். இதற்கு வேண்டிய கியர்பாக்ஸ், மேலே அடித்திருக்கும் எண் 722.3 என்று ஆரம்பிக்கும் வகை. ரிவர்ஸ் தாமதமாக விழ ஆரம்பித்ததும், உபரியாக ஒரு பாக்ஸ் வாங்கி வைத்துவிடலாம் என்று தேட இறங்கினேன்.

சென்னை புதுப்பேட்டைக் காயலான் கடைகளில் காரின் பெயரைச் சொல்லித்தான் பாக்ஸ் விற்கிறார்கள். "பென்ஸ் ஆட்டோதானே சார், எல்லாம் ஒண்ணுதான், மாட்டினா ஓடும்" என்றார் ஒரு கடைக்காரர். 280-இல் இருந்து இறக்கியது என்று அடித்துச் சொல்லி முன்பணமும் வாங்கிக்கொண்டார். நேரில் போய், ஆயில் பேன் (அடியில் ஆயில் தேங்கும் தட்டு) சேரும் விளிம்புக்கு மேலே அப்பியிருந்த கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தால், எண் 722.4 என்று ஆரம்பிக்கிறது. 190ஈ மாதிரி சின்ன கார்களில் வருவது அது. வெளியே பார்க்க 722.3-உம் அதுவும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். உள்ளே தாங்கும் சக்தி வேறு. பணத்தைக் கேட்டால், "அதுக்குப் பதிலா வேற ஏதாவது எடுத்துக்கங்க" என்கிறார். இன்றுவரை வரவில்லை. நினைத்தால் இன்னும் எரிகிறது.

ஆகவே, அடித்திருக்கும் எண்ணைப் பார்க்காமல் விலையே பேசாதீர்கள். போட்டோ அனுப்பினாலும் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். 722.1 என்றால் பழைய தலைமுறை. 722.3 என்று பார்த்ததும் நிம்மதியாகிவிடவும் கூடாது, அதை அடுத்த இரண்டு இலக்கங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். டீசல் 300 எஸ்டியிலும் 722.3தான். ஆனால் அதன் கவர்னர், அதாவது வண்டியின் வேகத்தைப் பார்த்து கியர் மாற வைக்கும் பாகம், டீசலின் குறைந்த சுழற்சிக்கு ஏற்றது. பெட்ரோல் இன்ஜினில் அப்படியே மாட்டினால் கியர் அவசரமாக மேலே ஏறிவிடும்.

என் மெக்கானிக் அண்ணன் ஒரு அட்டையில் பெல் ஹவுசிங்கின் (பாக்ஸ் இன்ஜினோடு சேரும் அகன்ற முன்வாய்) போல்ட் துளைகளை வரைந்து வெட்டிக் கொடுத்திருந்தார். கடையிலேயே வைத்துப் பார்த்துவிடலாம், வாக்குவாதமே கிடையாது. அந்த அட்டையால் கழித்துக்கட்டிய பாக்ஸ்கள் நிறைய.

கடைசியில் உள் சந்து ஒன்றில் கிடைத்தது. "பாய், பேனைக் கழற்றிப் பார்க்கலாமா?" என்றதும் அவரே ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். ஆயில் கருத்திருந்தாலும் கருகல் வாடை இல்லை. பேனின் அடியில் மெல்லிய சாம்பல் படிவுதான், உலோகச் சில்லு ஒன்றுகூட இல்லை. மாடுலேட்டர் என்பது இன்ஜின் வேக்யூமை வைத்து கியர் மாறும் அழுத்தத்தைச் சரிசெய்யும் பாகம். அதன் வேக்யூம் குழாய் வாயை விரலால் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அங்கே ஆயில் ஈரம் இருந்தால் உள்ளே டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்துவிட்டது என்று அர்த்தம். இன்ஜின் சக்தியை ஆயில் வழியாக பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் கூடவே இருந்தது. அது இல்லாத பாக்ஸை வாங்காதீர்கள், தனியாகத் தேடுவது பெரிய தலைவலி. கிக் டவுன் சாலினாய்டும் (ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் கியரை இறக்கும் மின் வால்வு) ஆக்ஸிலரேட்டரோடு இணையும் கண்ட்ரோல் கேபிளும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், பிரிக்கிற அவசரத்தில் கேபிளை வெட்டிவிடுகிறார்கள்.

எண்ணை எழுதிய பில்லைக் கேட்டு வாங்கினேன். திருட்டு வண்டிப் பொருள் என்ற பேச்சு பின்னால் வரக்கூடாது.

குட்டி யானையில் ஏற்றும்போது கன்வெர்ட்டர் முன்னால் நழுவாமல் பெல் ஹவுசிங்கின் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையை போல்ட் போட்டு இறுக்கினோம். கூலர் குழாய் துளைகளுக்கு ரப்பர் அடைப்பு. சென்னை ஈரக்காற்றில் திறந்து வைத்தால் உள்ளே துரு பிடித்துவிடும்.