வெப் செயன்முறைப் பரீட்சை: கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை நம்பாதேங்கோ

பெறுபேறு வந்து மூச்சு விட்டாச்சு. அடுத்த முறை பிஎச்பி (வெப் பக்கத்தைச் சேர்வரில் இயக்கும் மொழி) செயன்முறைக்கு இருக்கப்போகும் தம்பி, தங்கச்சிமாருக்குச் சூட்டோடு சூடாக இது. வினாத்தாள் அமைப்பு உங்களுக்குத் தெரியும். புள்ளி கழலுவது தேடல் பக்கத்தில்தான்: முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் ‘பெயர்=பெறுமதி’ என்று வருவதை அப்படியே நம்பும் இடத்தில்.

நோட்ஸில் ‘ஐடி=5’ என்றே படித்திருப்பீர்கள். ‘ஊர்=வவுனியா’ என்று கொடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு 4 எழுத்து, யூனிகோடில் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) 7 குறி, அதைச் சேமிக்கும் யூடிஎப்-8இல் 21 பைட், முகவரியில் சதவீதக் குறியோடு 63 எழுத்து. நீளம் 20ஐத் தாண்டக்கூடாது என்று பைட்டை எண்ணும் ‘ஸ்டர்லென்’ வைத்தால் வவுனியாவே வெளியே நிற்கும். குறியை எண்ணும் ‘எம்பி_ஸ்டர்லென்’ போட்டால் 7, முல்லைத்தீவுக்கு 12.

இனி என் ஒரே பிடிவாதம்: சதவீதக் குறியில் வந்ததை இரண்டாந்தரம் டிகோட் பண்ணாதேங்கோ, அதாவது அவிழ்க்காதேங்கோ. முகவரிப் பெறுமதிகள் ‘கெட்’ வரிசைக்குள் (பிஎச்பி அவற்றை வைக்கும் பட்டியல்) வரும்போதே பிஎச்பி ஒருதரம் அவிழ்த்துவிடும். அதற்குமேல் ‘யுஆர்எல்டிகோட்’ போட்டால் ‘சி++’ இல் இரண்டு கூட்டல் குறியும் வெற்றிடமாகிவிடும். அதைவிட மோசம், %2527 என்று வருவது: முதல் அவிழ்ப்பில் %27, உங்கள் சோதனை அதைத் தாண்ட விட்டுவிடும், அடுத்த அவிழ்ப்பில் டேட்டாபேஸ் கட்டளையை உடைக்கக்கூடிய ஒற்றை மேற்கோள் உள்ளே.

இணைப்பு (லிங்க்) செய்யும்போது பெறுமதியை மட்டும் சதவீதக் குறிக்கு மாற்றி என்கோட் பண்ணுங்கள், முழு முகவரியையும் அல்ல. பண்ணாமல் விட்டால் & குறி பெறுமதியைப் பிரித்துவிடும், ‘அரிசி&மா’ தேடினவருக்கு அரிசி மட்டும்தான் கிடைக்கும்.

மிச்சம் கடகடவென்று:

- ‘ஐடி[]=5’ என்று வந்தால் அது வரிசை. அப்படியே ஓர வெற்றிடம் நீக்கும் ‘ட்ரிம்’ போட்டால் பிஎச்பி 8இல் டைப் எரர் (வகைப் பிழை). முதலில் ஸ்ட்ரிங்தானா (எழுத்துச் சரமா) என்று பாருங்கள்.
- வந்த பெறுமதியைச் சோதித்துத் தரும் ‘பில்டர்_இன்புட்’ இல் முழு எண் சோதனை: பெயரே வராவிட்டால் நல் (ஒன்றுமில்லை), பிழையானால் பால்ஸ் (பொய்). வெறும் ஆச்சரியக்குறியால் சோதித்தால் சரியான 0உம் அடிபடும். மூன்று சமக்குறி போட்டு நல், பால்ஸ் இரண்டோடும் ஒப்பிடுங்கள். பக்க எண்ணுக்குக் குறைந்தது 1 என்று எல்லை வையுங்கள்.
- பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் (பெறுமதியைத் தனியே கட்டும் டேட்டாபேஸ் கட்டளை) பெறுமதிக்கு மட்டுந்தான். வரிசைப்படுத்தும் ‘ஆர்டர் பை’ நிரல் பெயரை அதில் கட்ட முடியாது. அனுமதித்த பெயர்ப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.
- திரையில் காட்டும் இடத்தில், < போன்ற குறிகளைப் பாதுகாப்பாக மாற்றும் ‘எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்’. உள்ளே எடுக்கும்போதே போட்டு டேட்டாபேஸைக் குப்பையாக்காதேங்கோ.
- ஐடி சரியான எண் என்பதால் அது அவருடைய பதிவு ஆகிவிடாது. டேட்டாபேஸ் கட்டளையில் நிபந்தனை சொல்லும் ‘வேர்’ இல் பயனர் எண்ணையும் சேருங்கள்.
- பதிவை அழிக்கும் இணைப்பை முகவரியில் போகும் ‘கெட்’ இல் வைக்க வேண்டாம், முகவரியில் தெரியாத ‘போஸ்ட்’. பாஸ்வேர்ட்டும் அப்படித்தான்; முகவரியில் போனால் பிரவுசர் வரலாற்றிலும் சேர்வர் லொக்கிலும் (பதிவேடு) கிடக்கும்.