மழைக்கு அசையாத வாசல் விளக்குகள்: இணைப்புகளுக்குச் செய்த பாதுகாப்பு

செந்தூலில் எங்கள் டெரஸ் வீட்டு முன்புறத்துக்குப் போட்ட விளக்குகள், தொடர்ந்து பெய்த மாலை மழைகளை ஒன்றுகூட அணையாமல் தாங்கிவிட்டன. கேட் தூணுக்குப் பின்னால் இருக்கும் இணைப்புப் பெட்டியைத் திறந்து, ஈரம் புகுகிறதா என்று அறிய இணைப்பின்மேல் சுற்றி வைத்திருந்த டிஷ்யூவைத் தொட்டுப் பார்த்தபோது அது மொறமொறவென்று உலர்ந்தே இருந்தது. எனக்கு உண்டான மகிழ்ச்சியைக் கோலாலம்பூர் மழையில் விளக்குப் போட்டவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

அமைப்பு எளிமையானதுதான். கேட் தூண்கள், கார் போர்ச்சின் பக்கச் சுவர், கறிவேப்பிலை மரத்தின் அடி ஆகிய இடங்களில் மொத்தம் 36 வாட் எல்இடி விளக்குகள் இருக்கின்றன. எல்லாமே 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம். 12 வோல்ட்டை விட்டு 24 வோல்ட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் கம்பியின் நீளமே காரணம். கடைசி விளக்கு 15 மீட்டர் தள்ளி இருக்கிறது. சுமை முழுவதும் அந்த முனையில் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டால், 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 12 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1.1 வோல்ட் வழியிலேயே குறைந்துவிடுகிறது; 24 வோல்ட்டில் மின்னோட்டம் பாதியாவதால் அந்த இழப்பும் பாதியாகிறது.

என் உழைப்பில் பெரும்பகுதி இணைப்புகளுக்கே போனது. விளக்கு வரும் அட்டைப்பெட்டியின்மேல், தூசியும் பீச்சும் நீரும் புகாது என்பதற்கான தர எண்ணான ஐபி65 என்று பெரிதாக அச்சிட்டு விற்கிறார்கள். ஆனால் அந்த எண் விளக்கின் கூட்டுக்கு மட்டுமே பொருந்தும், அதன் பின்னால் வால்போல் தொங்கும் ஒரு சாண் கம்பியை நாம் எதனோடு எப்படி இணைக்கிறோம் என்பதற்கு அது பொறுப்பேற்காது. நம் ஊரில் பகல் முழுவதும் வெயிலில் காயும் இணைப்புப் பெட்டிக்குள் காற்று விரிந்து வெளியேறுகிறது. நான்கு மணிக்குத் திடீரென்று மழை கொட்டியதும் பெட்டி குளிர்ந்து, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத இடுக்கு வழியாகவும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே வந்த நீர் கம்பியின் செம்பு இழைகளுக்கு இடையே ஊர்ந்து விளக்குவரை போய்விடும். ஆகவே பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைக்கப் போராடுவதைவிட, இணைப்பை முழுமையாக அடைத்துவிட்டு, பெட்டியின் அடியில் சிறு துளையிட்டு அதை மூச்சுவிட விடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

இதற்குச் சூடுபட்டால் சுருங்கி இறுகும், உட்புறம் பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் குழாய் தேவை; பசையில்லாத சாதாரண வகை வெளிப்புறத்துக்கு உதவாது. இரண்டு கம்பிகளின் ஒட்டுகளும் பக்கத்துப் பக்கத்தில் அமையாதபடி ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாக வெட்டி, தனித்தனியே குழாயிட்டபின், மொத்தத்துக்கும் மேலே ஒரு பெரிய குழாயை ஏற்ற வேண்டும். சூட்டை நடுவில் தொடங்கி இரு முனைகளை நோக்கி நகர்த்தினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். இரு ஓரங்களிலும் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கி வரும்வரை நிறுத்தக் கூடாது. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்தான் இதற்கு ஏற்றது. லைட்டர் ஒரு பக்கத்தைக் கருக்கிவிட்டு மறுபக்கத்தைப் பச்சையாக விட்டுவிடும். கம்பிகள் பெட்டிக்குள் கீழிருந்தே நுழைய வேண்டும், நுழையுமுன் ஒரு தொங்கலும் வேண்டும். வழிந்து வரும் நீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும்.

தட்டையான இரட்டைக் கம்பியுடன் வரும் மலிவு விளக்குகள்மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. பெட்டிக்குள் கம்பி நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் வட்டமான கேபிள் கிளாண்ட், தட்டைக் கம்பியை எவ்வளவு இறுக்கினாலும் இரு பக்கமும் இடைவெளி விட்டே நிற்கும். உருண்டைக் கம்பி உள்ள விளக்கு சற்று விலை கூடினாலும் அதையே வாங்க வேண்டும். பசையுள்ள குழாய் கேட்டு அலைபவர்கள் பூடுவில் உள்ள ஜாலான் பசார் மின்பொருள் கடைகளில் தேடலாம். துண்டை ஒளியில் பிடித்து, உள்சுவரில் பசை பளபளக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இடுக்குகளை அடைக்கும் சிலிக்கோன் பசை வாங்கும்போது காடி வாசம் வீசும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். அது இறுகும்போது வெளிவரும் அமிலம் செம்பை அரிக்கும்.

மாலையில் தானாக எரிவதற்கு இப்போது டைமர் வைத்திருக்கிறேன். இங்கே சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் அரைமணி நேரத்துக்குமேல் பெரிதாக மாறுவதில்லை என்பதால் அது போதுமானதே. எனினும் மழைமேகம் சூழ்ந்து ஐந்து மணிக்கே இருட்டிவிடும் நாள்களை எண்ணி ஒளி உணரி ஒன்றைச் சேர்க்க நினைக்கிறேன். தீபாவளிக்கு முன் கேட் விளக்குகளுக்கு மட்டும் தனி சுவிட்ச் வைத்தாக வேண்டும். அகல் வரிசை எரியும்போது மின்விளக்கின் வெளிச்சம் அதன்மேல் விழக் கூடாது.

வீட்டின் பின்பக்கச் சந்தான லோரோங்கை நோக்கிய சுவர் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அதற்குச் சமையலறையிலிருந்து 230 வோல்ட் இணைப்பை வெளியே கொண்டுவர வேண்டியிருப்பதால், அந்தப் பகுதியை உரிமம் பெற்ற வயர்மேனிடம் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி பாதுகாப்புடன் ஒப்படைக்கப் போகிறேன். 230 வோல்ட்டை 24 வோல்ட்டாக மாற்றித் தரும் டிரைவரின் 24 வோல்ட் பக்கத்திலிருந்து என் வேலை தொடங்கும். குழாயும் கிளாண்டும் இப்போதே வாங்கி வைத்தாகிவிட்டன.