கைப்பிடி எந்தப் பக்கம் ஓடுகிறது?

மட்டக்களப்பில் விழிப்புலனற்ற ஒருவர் எஸ்கலேட்டரில் ஏறி இறங்கப் பழக விரும்பினால், முதலில் கிடைக்காதது எஸ்கலேட்டர்தான். கல்லடிப் பாலத்தின் ஓரத்தையும் புளியந்தீவின் சந்திகளையும் பஸ் நிலையத்து நெரிசலையும் வெள்ளைப் பிரம்புடன் கடக்க என் பயிற்றுநர் சலிப்பின்றிக் கற்றுத் தந்தார். நகரும் படிக்கட்டை மட்டும் வாயால் விளக்கியதோடு நிறுத்திக்கொண்டார், ஏனெனில் தொட்டுக் காட்டுவதற்கு அப்போது அருகில் ஒன்றும் இருக்கவில்லை. அலுவலகப் பயிற்சிகளுக்காக உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போய்வரத் தொடங்கிய பின்னர்தான் அந்தக் குறை உறுத்தத் தொடங்கியது. அங்கே ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகி, எஸ்கலேட்டரில்தான் மேலே போக வேண்டியிருந்த நாளில், மேலே நடப்பதை வந்து சொல்வதாகக் கூறி என்னை வரவேற்பு மேசையருகே உட்கார வைத்துவிட்டுப் போனவர்கள், மாலைவரை எதையும் வந்து சொல்லவில்லை.

எங்கள் நகரில் பல மாடிப் புடவைக் கடையொன்றில் எஸ்கலேட்டர் வைத்திருப்பதாக மச்சான் சொன்னதும் அவரையே துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். "ஐயா, என்ன வேணுமெண்டு சொல்லுங்க, கீழேயே எடுத்துத் தாறம்" என்றார் வாசலில் நின்ற காவலாளி. வாங்குவதற்கு எதுவும் இல்லை, ஏறிப் பழகவே வந்தேன் என்று நான் சொன்னதும், "இவர ஏன் இதுக்குக் கூட்டி வந்தீங்க?" என்று மச்சானிடம் கேட்டார். (என்னிடம் கேட்க வேண்டியதைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கும் இந்த வழக்கத்துக்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை.) எழுத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். கடிதத்துடன் போன நாளில் முகாமையாளர் இல்லை. முகாமையாளர் இருந்த நாளில் மின்சாரம் இல்லை.

மின்சாரம் இல்லாத அந்த நாளில், "இப்ப நிண்டுதானே இருக்கு, பயமில்லாம ஏறிப் பாருங்க" என்று ஊழியர் ஒருவர் அன்போடு அழைத்தார். அந்த அழைப்பை மறுத்துவிட்டேன், நீங்களும் மறுத்துவிடுங்கள். நின்றுபோன எஸ்கலேட்டரைச் சாதாரணப் படிக்கட்டாக எண்ணக் கூடாது. நடுப்பகுதியில் ஒவ்வொரு படியும் சுமார் 20 சென்ரிமீற்றர் உயரம் இருக்கும். ஆனால் அடியிலும் உச்சியிலும் படிகள் தட்டையாக இருந்து கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, பிறகு மீண்டும் தாழ்ந்து தட்டையாகின்றன. படியேறும்போது முதல் இரண்டு படிகளின் உயரத்தைக் கால் பிடித்துக்கொண்டு அதையே அடுத்தடுத்தும் எதிர்பார்ப்பதால், உயரம் மாறிக்கொண்டே போகும் இடத்தில் கண் தெரிந்தவர்களே தடுக்கி விழுகிறார்கள்.

ஒருவழியாக முகாமையாளரைச் சந்தித்தபோது, "விழுந்தால் யார் பொறுப்பு?" என்பதே அவருடைய முதற் கேள்வியாக இருந்தது. அங்கவீனமுற்ற ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தையும், பொது இடங்களை அணுகும் வசதி குறித்து 2006 இல் வெளியான ஒழுங்குவிதிகளையும் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தேன். அந்த வரிகளுக்கு வந்ததும் அவருடைய குரல் இறங்கியது. காலையில் கடை திறந்தவுடன், கூட்டம் சேருமுன் வந்து பழகலாம் என்றார்.

தரை ஓட்டிலிருந்து உலோகத் தகட்டுக்குப் பிரம்பு மாறும்போது ஓசை மாறுகிறது, பாதத்தின் கீழே மெல்லிய அதிர்வும் தெரிகிறது. அங்கே நின்று முதலில் தேட வேண்டியது கைப்பிடியை. அது நம்மை விட்டு முன்னோக்கி ஓடினால் ஏறலாம். நம்மை நோக்கி வந்தால் எதிர்த்திசையில் இயங்குகிறது, உடனே விலக வேண்டும். மேலே போகிறதா கீழே போகிறதா என்பதைக் கைப்பிடி சொல்லாது என்பதால், இடைத்தளங்களில் யாரிடமாவது கேட்டுக்கொள்வதே நல்லது. ஆள் வரும்வரை நின்றிருக்கும் வகை எஸ்கலேட்டர்களும் உண்டு. அங்கே காதை மட்டும் நம்பிப் பயனில்லை. தகடு முடியும் இடத்தில் சீப்புப் பற்களைப் போன்ற ஒரு விளிம்பு இருக்கிறது. அதைத் தாண்டிச் செருப்பு நுனியால் மெல்லத் தொட்டால் படிகளின் இணைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவிப் போவதை உணரலாம்; ஓர் இணைப்பு கடந்தவுடன் காலை வைக்க வேண்டும். பாதம் இணைப்பின்மேலேயே விழுந்தாலும் பதற வேண்டியதில்லை. வினாடிக்கு அரை மீற்றர் என்பது பொதுவான வேகம், முதல் ஓரிரு படிகள் தட்டையாகவே ஓடும், ஆகவே காலை நகர்த்திக்கொள்ள ஒரு வினாடிக்குச் சற்று மேலாக அவகாசம் கிடைக்கிறது, அது போதும்.

இத்தனையும் சரியாகச் செய்து நான் கால் வைத்த அந்தக் கணத்தில், உதவுவதாக நினைத்துக் காவலாளி என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். நான் தகட்டின்மேல் நின்றுவிட்டேன். கையிலிருந்து நழுவிய பிரம்பு மட்டும் தனியாக மேல்மாடிக்குப் புறப்பட்டது. "ஐயோ மனே!" என்று ஒரு வயதான அம்மா அலற, யாரோ சிவப்புப் பொத்தானை அழுத்த, எஸ்கலேட்டர் வெடுக்கென்று நின்றது. அதில் வேறு ஆட்கள் நின்றிருந்தால் அந்த நிறுத்தமே அவர்களைச் சாய்த்திருக்கும். யாராவது விழுந்தாலோ சிக்கிக்கொண்டாலோ அன்றி அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது. உதவ விரும்புகிறவர்கள் எங்களைப் பிடிக்காமல், தங்கள் முழங்கையை எங்களுக்குப் பிடிக்கத் தர வேண்டும். மச்சான் அதன்பிறகு எனக்கு ஒரு படி முன்னால் நின்று வந்தார்.

ஏறும்போது பிரம்பின் நுனியை அடுத்த மேற்படியில் வைத்திருப்பேன். உச்சி நெருங்கும்போது கைப்பிடி கிடையாகிறது, அந்தப் படி என் பாத மட்டத்துக்கு இறங்கி வருகிறது, பிரம்பு தகட்டில் முட்டுகிறது. உடனே கால்விரல்களைச் சற்று உயர்த்தி நடந்துவிட வேண்டும், தகட்டில் நின்று யோசித்தால் பின்னால் வருபவர் மோதுவார். மெல்லிய நுனியுள்ள பிரம்பு படிகளின் பள்ளங்களில் சிக்கக்கூடும் என்பதால் உருண்டை நுனியே பாதுகாப்பானது. மென்மையான றப்பர் செருப்பையும், தரையில் புரளும் சாரத்தையோ சேலையையோ தவிர்க்க வேண்டும். பக்கச் சுவரோரமாகப் பொருத்தியிருக்கும் தூரிகை காலில் உரசினால் பாதம் ஓரத்துக்குப் போய்விட்டது என்று பொருள்.

இறங்கப் பழக அந்தக் கடையில் வழியில்லை, அங்கே எஸ்கலேட்டர் மேல்நோக்கி மட்டுமே ஓடுகிறது. அதை மச்சானின் முழங்கையைப் பிடித்தபடி கொழும்பில்தான் பழகினேன். காவலாளி இப்போது என்னைத் தொடுவதில்லை, "ஐயா, கைப்பிடி வலப்பக்கம்" என்று மட்டும் சொல்கிறார். அங்கே பழக விரும்புபவர்கள் வார நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள். சம்பள வாரத்திலும் தீபாவளி, நோன்புப் பெருநாள் காலங்களிலும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.