அம்மாவின் தரைவிரிப்பும் ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டும்

போன சனிக்கிழமை சாயங்காலம் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். பதினைந்து வயது. ஒரு வருடமாக டிரம்ஸ் பழகுகிறான். வந்ததும் ஃபோனை நீட்டி ஒரு போஸ்டரைக் காட்டினான். நான்கு பேண்டுகள்: இரண்டு டெத் மெட்டல், ஒரு கிரைண்ட்கோர் (இரண்டு வகையுமே உறுமல் குரலும் அதிவேக டிரம்ஸும் கொண்ட கனத்த ராக் இசை), நான்காவது யாரோ புதுப் பையன்கள். "மாமா, என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றான். போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை அவன் கவனிக்கவில்லை. அது ஒரு பார். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள்.

அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனைவிட ஒரே ஒரு வயது கூடுதலாக இருந்தபோது நான் போன முதல் ஷோ ஞாபகத்துக்கு வந்துவிட்டது. 1995, சிங்கப்பூர், ஆர்மீனியன் ஸ்ட்ரீட் 45, சப்ஸ்டேஷன் என்ற கலை மையம். வாசலில் என் வயதை யாருமே கேட்கவில்லை. பள்ளிப் பையோடுதான் உள்ளே போனேன்.

அந்த இடத்தைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி ஃபோர்ட் கேனிங் குன்றைப் பார்த்து நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. இப்போது பெரனாக்கான் அருங்காட்சியகம் இருக்கிறதே, அதற்கு மிகவும் பக்கத்தில். 1926இல் துணைமின் நிலையமாகக் கட்டிய கட்டடம். பிறகு சும்மா கிடந்தது. நாடகாசிரியர் குவோ பாவ் குன் அதைக் கலைகளுக்கான வீடாக்கி, 1990 செப்டம்பரில் திறந்தார். பழைய பெயரையே வைத்துக்கொண்டார். 1976 முதல் 1980 வரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுப்புக்காவலில் இருந்த மனிதர் அவர். வெளியே வந்த பிறகு 1988இல் அவர் போட்ட ஒரு நாடகத்தில் ஹொக்கியன், மாண்டரின், மலாய், ஆங்கிலம், தமிழ் எல்லாம் ஒரே மேடையில் ஒலித்தன. அதில் ஹொக்கியன் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டியும் தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு முதியவரும் பேசிப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. அப்படி எழுதியவர் கட்டிய வீட்டில்தான் மலாய்ப் பையன்களும் சீனப் பையன்களும் என்னைப் போன்ற தமிழ்ப் பையன்களும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றோம். பாடியவர் உறுமியதில் எந்த மொழிக்காரனுக்கும் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஆனால் எல்லாருக்கும் புரிந்தது.

அந்தக் காலத்தில் மெட்டலையும் பங்க்கையும் வேறு எங்கே வாசிக்க முடியும்? ஹோட்டல் லவுஞ்சிலா? மோஷிங்குக்கே, அதாவது மேடைக்கு முன்னால் ஒருவரையொருவர் இடித்து ஆடுவதற்கே, ஊரில் தடை இருந்த சமயம். ஷோ நடத்த வேண்டுமென்றால் பாடல் வரிகளையெல்லாம் தட்டச்சு செய்து அனுமதிக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பேண்டுக்கு அந்த வேலை என் தலையில் விழுந்தது. பாடகரை வீட்டுக்கு வரவழைத்து, "நீ இங்கே என்னதான்டா சொல்றே" என்று வரி வரியாகக் கேட்டு எழுதினேன். எழுதி முடித்தபோதுதான் அவன் நல்ல கவிதை எழுதுகிறவன் என்று தெரிந்தது. ஆறு மாதம் அவன் பின்னாலேயே உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதலில் தோட்டத்தில் நடந்த ஷோக்கள்தான் எனக்குப் பழக்கம். பிறகு உள்ளே, கறுப்புத் திரை தொங்கும் சின்ன அரங்கு. மெட்டலுக்கு அந்த அரங்கு எவ்வளவு பொருத்தம் என்பது டிரம்ஸ்காரனுக்குத்தான் தெரியும். கான்கிரீட் கூடத்தில் பிளாஸ்ட் பீட் என்ற அதிவேகத் தாளத்தை வாசித்தால் ஸ்னேரும் சிம்பலும் சுவரில் பட்டுத் திரும்பி வந்து ஒரே இரைச்சலாகக் குழம்பிவிடும். அங்கே கனமான துணி அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். வேகமாக வாசிக்கிறோமா, வேகமாக வாசிப்பதுபோல் ஏமாற்றுகிறோமா என்பது அங்கே மறைக்கவே முடியாது. நான் ஒழுங்காகப் பயிற்சி செய்யத் தொடங்கியது அதற்குப் பயந்துதான்.

தரைதான் பிரச்சினை. வழுவழுப்பு. கிக் டிரம்மை இரண்டு காலாலும் அடிக்க உதவும் டபுள் பெடலை மிதிக்க மிதிக்க கிக் டிரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். பாட்டு முடிவதற்குள் கால் எட்டாது. ஒருமுறை வீட்டிலிருந்து அம்மாவின் பழைய தரைவிரிப்பைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு யீஷூனிலிருந்து எம்ஆர்டியில் வந்தேன். மெரூன் நிறம், ஓரம் முழுக்க மஞ்சள் பூ. தீபாவளிக்காகத் தேக்காவில் அம்மா பேரம் பேசி வாங்கியது. "திருப்பிக் கொண்டாந்துடணும்" என்று அம்மா சொன்னார். திரும்பவே இல்லை. அதன்பின் அது எல்லாருக்கும் பொது விரிப்பாகிவிட்டது. இன்று அதை விரித்துப் பார்த்தால் கிக் டிரம்மின் கூர்க்கால்கள் குத்திய துளைகள் இரண்டு கொத்தாக இருக்கும். ஒவ்வொரு டிரம்ஸ்காரரும் தன் ஸ்டாண்டுகள் நிற்கும் இடத்தைக் குறிக்க ஒட்டிய டேப்பும் அப்படியே இருக்கிறது. என்னுடையது வெள்ளை. மஞ்சள் டேப் ஒரு மலாய் நண்பருடையது. அவர் இடக்கைக்காரர், அதனால் அவருடைய அடையாளம் எல்லாமே என்னுடையதற்குக் கண்ணாடி பிடித்தது போல எதிர்ப்புறமாக இருக்கும். நீலத்துக்கு உரியவர் இப்போது பெர்த்தில் இருக்கிறார்.

எங்கள் கூட்டத்தில் மலாய்க்காரர்கள்தான் அதிகம். மத்தியானம் தொடங்கும் ஷோ மக்ரிப் நேரத்தில் கொஞ்சம் நிற்கும். தொழுகிறவர்கள் போய்த் தொழுதுவிட்டு வருவார்கள், மற்றவர்கள் நடைபாதையில் உட்கார்ந்து காசெட் மாற்றிக்கொள்வோம். உள்ளே கேட்ட பேண்டுகளைவிட அந்த நடைபாதையில் நான் கேள்விப்பட்ட பேண்டுகள் அதிகம். இம்பயட்டி என்ற உள்ளூர் பேண்டின் டெமோவை ஒருவர் கொடுத்தார். 1992இல் தொடங்கிய ருத்ராவைப் பற்றியும் அங்கேதான் முதலில் கேட்டேன். சமஸ்கிருத மந்திரங்களையும் வேதாந்தத்தையும் டெத் மெட்டலில் கொண்டுவந்து, வேதிக் மெட்டல் என்று அதற்குப் பெயரும் வைத்தவர்கள். 1998இல் அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தபோது சிடியை வாங்கி அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "இது கோயில்ல சொல்றதுதானே?" என்றார். அதன்பிறகு என் அறைக் கதவை அடைக்கச் சொல்வதை விட்டுவிட்டார்.

2021 மார்ச் தொடக்கத்தில் செய்தி வந்தது. கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, ஜூலைக்குள் காலி செய்ய வேண்டும். வேலை முடிந்த பிறகு முழுக் கட்டடத்தையும் சப்ஸ்டேஷனிடமே திருப்பிக் கொடுப்பதில்லை, மற்றக் கலைக்குழுக்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்பது தேசியக் கலைகள் மன்றத்தின் நிலைப்பாடு. அப்படியென்றால் தொடர முடியாது, நிரந்தரமாக மூடுகிறோம் என்று சப்ஸ்டேஷன் நிர்வாகக் குழு அறிவித்தது. (பிறகு முடிவு மாறி, சொந்த இடமில்லாத கலை அமைப்பாக அந்தப் பெயர் இன்றும் தொடர்கிறது. அதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.) கட்டடம் பழசு, மராமத்து தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு அரங்கை மாதத்தில் சில நாட்கள் வாடகைக்கு எடுப்பது வேறு, அந்த இடத்தைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஆள் "சத்தமாகவே வாசிங்க, பரவாயில்லை" என்று சொல்வது வேறு. நாங்கள் இழந்தது அப்படிச் சொல்லும் ஆளை.

2019 மார்ச் 7 நினைவிருக்கிறதா? ஸ்வீடனிலிருந்து வாட்டைன் என்ற பிளாக் மெட்டல் பேண்ட் வந்திறங்கிய பிறகு, ஷோ நடக்க வேண்டிய அன்றே அனுமதி ரத்தானது. அன்று ஊரே பேசியது, வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. அது ஒரு ராத்திரி ஷோ. சப்ஸ்டேஷனோடு போனது முப்பது வருடம், ஆனால் எங்கள் கூட்டத்தால் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. கொவிட் காலம். கடைசி ஷோ என்று ஒன்று வைத்து முட்டி மோதி வியர்த்து விடைபெற வழியில்லை. அந்த ஜூலையின் பெரும்பகுதியில் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து நிற்கக் கூடாது. ஒரு ஞாயிறு சரியாக ஐந்து பேர் போனோம். முகக்கவசத்தோடு கட்டடத்தின் முன்னால் நின்றோம். மூடியிருந்த கதவில் மலாய் நண்பர் இரண்டு கைவிரல்களாலும் தட்டினார். இடக்கைதான் முதலில். எங்கள் பழைய பாட்டு ஒன்றின் தொடக்கம் அது. எட்டு தாள வட்டம் முடியும்வரை யாரும் பேசவில்லை. பிறகு கோப்பிக்கடைக்குப் போனோம்.

அப்புறம் நடந்ததைத்தான் இந்தப் பதிவில் எழுத நினைத்தேன், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் "ஷோக்கள் இப்போதும் நடக்கிறதே" என்கிறார்கள். நடக்கிறது, உண்மைதான். 2022 மார்ச் கடைசியில் நேரடி இசைக்கு மறுபடி அனுமதி வந்ததும் எல்லாரும் பசியோடு ஓடி வந்தார்கள். அதே வருடம் ருத்ராவின் புது ஆல்பமும் வோர்ம்ராட்டின் புது ஆல்பமும் வந்தன. 2017இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் வாசித்த வோர்ம்ராட்தான் அங்கே மேடையேறிய முதல் சிங்கப்பூர் பேண்ட். நம் ஊரில் மெட்டல் செத்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பார் வைத்திருப்பவருக்கு வருமானம் பீரில்தான். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் குடிப்பதில்லை. மத நம்பிக்கையால் குடிக்காதவர்கள், மறுநாள் ஷிஃப்ட் இருப்பதால் குடிக்காதவர்கள், என்னைப் போல அப்பாவைப் பார்த்துவிட்டுக் குடிக்காதவர்கள். நூறு பேர் வந்து ஐம்பது பேர் தண்ணீர் குடித்தால் அந்த முதலாளிக்கு அந்த இரவு நஷ்டம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும் வாடகை இருக்கிறது. அதனால் எங்களுக்குச் செவ்வாய், புதன் கிடைக்கும். நுழைவுச்சீட்டில் ஒரு பானத்தையும் சேர்த்துவிடுவார்கள். பன்னிரண்டு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) போய்க்கொண்டிருந்த ஷோவுக்கு இப்போது முப்பது வெள்ளி கேட்கிறோம். தொழ இடம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. என் இடக்கை நண்பர் பாரில் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஊரிலேயே நல்ல டிரம்ஸ்காரர்களில் ஒருவர் அவர். வாசிக்க இடம் இல்லாமல் போனவர்.

பிள்ளைகளோ உள்ளே வரவே முடியாது. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். பதினாறு வயதில் மேடைக்கு மூன்றடி தள்ளி நின்று, டிரம்ஸ்காரரின் கணுக்கால் எப்படி அசைகிறது என்று கண் கொட்டாமல் பார்த்துத்தான் நான் டபுள் பெடல் கற்றுக்கொண்டேன். வீடியோவில் கணுக்காலைக் காட்டமாட்டார்கள். பதினெட்டு வரை காத்திரு என்றால், பதினெட்டில் பையன்கள் இரண்டு வருடக் கட்டாய தேசிய சேவைக்குப் போய்விடுவார்கள். இருபதில் திரும்பி வருகிறவன் புதிதாகக் குச்சியைக் கையில் எடுப்பது அபூர்வம். எண்ணிப் பார்த்தேன்: இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் பேண்டுகளில் எனக்குத் தெரிந்த டிரம்ஸ்காரர்கள் பதினொரு பேர். முப்பது வயதுக்குக் குறைந்தவர் இருவர்தான்.

அதனால் அக்கா மகனிடம் அந்த பார் ஷோவுக்கு முடியாது என்று சொல்லிவிட்டு, நான்கைந்து பேருக்கு ஃபோன் போட்டேன். அலிவால் கலை மையத்தில் கேட்டுப் பார்ப்போம் என்றார் ஒருவர். நல்ல இடம்தான், நாங்கள் வாசித்தும் இருக்கிறோம், ஆனால் எங்களுக்கு வசதிப்பட்ட தேதி அமையவில்லை. எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போய்விடலாம் என்றார் இன்னொருவர். பதினைந்து வயதுப் பையனை வைத்துக்கொண்டு ராத்திரி காஸ்வேயில் மூன்று மணி நேரம் நிற்க அக்கா விடமாட்டார். கடைசியில் ஊபி பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருக்கும் ஜாமிங் ஸ்டூடியோ சரிப்பட்டது. பெரிய அறை. நாற்பது பேர் நிற்கலாம், அதற்குமேல் மூச்சு முட்டும். கூரை தாழ்வு, சுவர் கான்கிரீட். பழைய போர்வைகளும் மெத்தைகளும் மாட்டினால் சமாளிக்கலாம் என்று ஸ்டூடியோக்காரர் சொன்னார். எங்கள் பாடகரின் மனைவி வீடு வீடாகக் கேட்டு இதுவரை பதினான்கு போர்வை சேர்த்திருக்கிறார். அனுமதிக்கு விண்ணப்பித்தாகிவிட்டது. வரிகளை இந்த முறையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

இடக்கை நண்பர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நேற்று ஒத்திகை பார்க்கப் போனோம். தரைவிரிப்பை நான் விரித்தேன். பையன் மண்டியிட்டு டேப் அடையாளங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். "மஞ்சள் மட்டும் ஏன் மாமா தலைகீழா இருக்கு?" என்றான். சொன்னேன். என் வெள்ளை அடையாளத்தில் ஸ்டாண்டை வைத்து உட்கார்ந்தான். கால் எட்டவில்லை, அவன் என்னைவிடக் குட்டை. ஹை-ஹாட்டை இரண்டு விரல் அளவு உள்ளே இழுத்துக்கொண்டு, "டேப் இருக்கா?" என்று கேட்டான். பச்சைதான் இருந்தது.

தேதி அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, மத்தியானம் இரண்டு மணி. நுழைவு பத்து வெள்ளி, மாணவர்களுக்கு ஐந்து. வயது வரம்பு இல்லை, ஆனால் காதுக்கு அடைப்பான் கண்டிப்பாகக் கொண்டுவாருங்கள், பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் அவர்களுக்கும் சேர்த்து. தொழுகைக்குப் பக்கத்து அறை இருக்கிறது. இன்னும் ஐந்தாறு போர்வை தேவைப்படுகிறது, கனமானவையாக இருந்தால் நல்லது. கடைசி பேண்ட் ஒன்பதே கால் மணிக்குள் முடித்துவிட வேண்டும். பத்து மணிக்குச் சரக்கு லிஃப்டை நிறுத்திவிடுவார்கள், அதற்குள் ஆம்ப் எல்லாம் கீழே இறங்க வேண்டும்.