இன்ஜூரி கேஸ்: முதல் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

சைட்டில் (கட்டுமான இடத்தில்) அடிபட்டதற்கான இழப்பீட்டுப் பணம் ஒருவழியாகக் கணக்கில் ஏறிவிட்டது. சிங்கப்பூரில் சைட்டில் அடிபட்டால் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது, அதற்கு வக்கீல் தேவையில்லை, யார் தப்பு என்றும் பார்ப்பதில்லை. இதெல்லாம் தெரிந்ததுதான். கேஸ் கெடுவது வேறு இடத்தில்.

சாரத்திலிருந்து விழுந்த அன்று கம்பெனி வேன் தனியார் கிளினிக்குக்குத்தான் போகும். சூப்பர்வைசரும் உள்ளே வந்து டாக்டரிடம் அவரே பேசுவார். எங்கள் கேஸில் எக்ஸ்ரே கூட எடுக்கவில்லை. இரண்டு நாள் லைட் டூட்டி (லேசான வேலை) என்று டாக்டர் சீட்டு. மறுநாள் தனியாக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனபிறகுதான் மணிக்கட்டு எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. தனியாகப் போவது ரொம்ப முக்கியம். டாக்டரிடம் தேதி, நேரம், சைட், எத்தனை அடி உயரம் எல்லாம் சொல்லுங்கள். 'டார்மிட்டரியில் (தொழிலாளர் விடுதியில்) வழுக்கி விழுந்தார்' என்று சீட்டில் ஒரு வரி ஏறிவிட்டால் பிறகு ஒவ்வொரு மேசையிலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சாரத்தின் போட்டோ, கூட நின்றவர்களின் ஊர் போன் நம்பர் இரண்டையும் அன்றே வாங்கி வையுங்கள். சாட்சி ஊருக்கு அனுப்பப்படுவது இங்கே புதிதல்ல.

'எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) வேண்டாம், ரூமில் படு, சம்பளம் போட்டுவிடுகிறேன்' என்பார்கள். பாசம் ஒன்றுமில்லை. 2020 செப்டம்பர் 1 முதல் ஒரு நாள் எம்சியோ லைட் டூட்டியோ கொடுத்தாலே மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். கம்பெனி தெரிவிக்காவிட்டால் நாமே தெரிவிக்கலாம், ஆனால் விபத்து நடந்து ஒரு வருஷத்துக்குள் கேட்டுவிட வேண்டும்.

அடுத்த சண்டை எம்சி சம்பளம். சாதா எம்சிக்கு 14 நாள், ஆஸ்பத்திரி விடுப்புக்கு 60 நாள் வரை முழுச் சம்பளம்; அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்திலிருந்து ஒரு வருஷம் வரை. முழுச் சம்பளம் என்றால் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) அல்ல, கடந்த 12 மாதத்தின் சராசரி. ஓடியும் (ஓவர்டைம் சம்பளமும்) அதில் சேரும். எங்களுக்கு நாளுக்கு 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 26 நாள் என்று மாதம் 468 வெள்ளி போட்டார்கள். ஓடியோடு சராசரி 900க்கு மேல். பே ஸ்லிப்பையும் டைம் கார்டு போட்டோக்களையும் நீட்டியதும் பாக்கி வந்தது. நிரந்தர ஊனத் தொகையும் இதே சராசரியை வைத்துத்தான், அதோடு வயதும் ஊன சதவீதமும் பெருக்கப்படும். இங்கே விட்டால் அங்கேயும் போச்சு.

மருத்துவச் செலவு கம்பெனி பொறுப்பு, சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. உச்சவரம்பு முன்பு 45,000 வெள்ளியாக இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு 53,000.

வேலை பர்மிட்டை வெட்டினால் கேஸ் முடியும்வரை தங்க ஸ்பெஷல் பாஸ் கேட்கலாம். டிக்கெட்டைக் கையில் திணித்தாலும் நிரந்தர ஊன மதிப்பீடு முடியாமல் விமானம் ஏறாதீர்கள். லிட்டில் இந்தியாவில் டிடபிள்யூசி2 என்ற வெளிநாட்டுத் தொழிலாளர் உதவி அமைப்பு இலவசச் சாப்பாடு போடுகிறது, கேஸ் விவரமும் கேட்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆறு மாதம் ஆனதும் மதிப்பீடு. இழப்பீட்டுத் தொகையைக் கணக்கிட்ட நோட்டீஸ் வந்ததும் முதலில் சராசரிச் சம்பளத்தைப் பாருங்கள், பிறகு சதவீதம். ஆட்சேபிக்க 14 நாள்தான். சிவில் வழக்குப் போடும் எண்ணமிருந்தால் பணம் வாங்குவதற்கு முன்பே முடிவெடுங்கள், இரண்டும் சேர்த்துக் கிடைக்காது. எங்கள் கேஸில் கம்பெனி தரப்பிலிருந்தும் எதிர்ப்பு வரவில்லை. நோட்டீஸ் வந்து 21 நாளுக்குள் பணம் வர வேண்டும். பத்தொன்பதாம் நாள் வந்தது.